தூக்கிப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

இருபத்தெட்டு வயதில் ஒருவன் தன் பணிக்கால அனுபவங்களை எழுத உட்கார்ந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. “ரிடையராயிட்டியாடா? பென்ஷன் எப்ப வரும்?” என்று அப்பா கேட்டார். ஆனால் என்னைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை முடிந்துவிட்டது உண்மை. போடிநாயக்கனூரில் நான் ஏழு வருடம் வேலை பார்த்த கடையில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. பழுதாகி வரும் லேப்டாப்பை அங்கே யாரும் திறப்பதில்லை. அட்டைப்பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் அரசுத் தேர்வு எழுதி, அடுத்த மாதம் தேனியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேரப் போகிறேன். இதைக் கேள்விப்பட்டு, நான் படித்த பாலிடெக்னிக்கின் மாணவர்கள் சிலர் வந்தார்கள். “சர்வீஸ் வேலையில கத்துக்கிட்டத எங்க ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்கண்ணே” என்றார்கள்.

கற்றுக்கொண்டது என்று யோசித்தால், சிலமலைக்காரர் ஒருவர் வாங்கிய மலிவுக் கம்ப்யூட்டர்தான் முதலில் வந்து நிற்கிறது. அதைச் சொல்வதற்கு முன் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஏலக்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா காலை ஜீப்பில் மலை ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமா வாங்கியதும் அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். மாட்டிய ஆணி சரியில்லாமல் இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை விழுவதற்குள் வேலை கிடைத்துவிட்டது.

கடை முதலாளி ஜெபராஜ் அண்ணன். அவரிடம் சேர்ந்த முதல் மாதம் ஸ்க்ரூ டிரைவரையே தொட விடவில்லை. மூன்று விஷயங்களில் அவர் மிகவும் கண்டிப்பு. வாடிக்கையாளர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது என்பது ஒன்று. கழற்றுகிற ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில்தான் போட வேண்டும் என்பது இன்னொன்று. முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில். திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து ஆரம்பித்தால் எதுவும் மிஞ்சாது. மூன்றாவதுதான் முக்கியமானது. மாற்றிய பழைய சாமான் எதுவானாலும், கருகிப்போன ஒரு சின்ன ஃப்யூஸ் ஆனாலும், அதை ஒரு கவரில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். “கழட்டுனது அவுக சொத்துப்பா. குப்பையில போடுறதா இருந்தாலும் அவுக கையால போடட்டும்” என்பார்.

அவர் கோபப்பட்டுக் கத்தி நான் கேட்டதில்லை. சாதாரண நாளில் என்னைத் ‘தம்பி’ என்பார். தப்புச் செய்துவிட்டால் ‘சார்’ என்பார். “சார், இந்த ஒயரை இப்பிடித்தான் மாட்டுவீகளா சார்?” என்று மெதுவாகக் கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

வாடிக்கையாளரைப் பேசவிடுவது எவ்வளவு தேவை என்பதைத் தேவாரம் ஊர்க்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். யு.பி.எஸ். ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கி, “இதுல சத்தம் பத்தல” என்றார். நான் உடனே பேட்டரி மாற்றணும், ஸ்பீக்கர் பார்க்கணும் என்று ஆரம்பித்தேன். ஜெபராஜ் அண்ணன் என் தோளில் கை வைத்து அழுத்தினார். வந்தவர் ஐந்து நிமிடம் பேசிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. கரண்டு போனால் இது கத்துகிறது அல்லவா, அதைத் தோட்டத்துக் காவல் கொட்டகையில் வைத்து, யானை வரும் நேரம் பார்த்துப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். “மொத ரெண்டு வாட்டி ஓடுச்சு. இப்ப நின்னு கேக்குது” என்றார்.

இன்னொருவர் மலையிலிருந்து லேப்டாப் கொண்டுவந்தார். பனியில் ஈரம் ஏறிவிட்டது என்று, ஏலக்காய் உலர்த்துகிற சூட்டு அறையில் காயோடு சேர்த்துப் பரப்பி ஒரு நாள் காய வைத்திருந்தார். விசைப்பலகை அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. கடை முழுக்க இரண்டு நாள் பாயாச வாசனை.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சுருளி பெரியப்பா விஷயம் அப்படியில்லை.

அவர் எனக்கு ரத்த உறவு அல்ல. அப்பா மூட்டை தூக்கும் அதே மண்டியில் ஏலக்காயைத் தரம் பார்க்கிறவர். அப்பா அவரை ‘அண்ணே’ என்பதால் எனக்குப் பெரியப்பா. சிலமலையிலிருந்து தினம் போடிக்கு வருவார். மூட்டை வந்து இறங்கியதும் சாக்கின் வாயை அவிழ்த்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடி மூன்று முறை மேலே எழுப்புவார். பிறகு லிட்டர் வெயிட் சொல்வார். லிட்டர் வெயிட் என்பது ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி நிறுத்தால் வருகிற எடை. உள்ளே விதை நிறைந்த காய் கனக்கும். விதையில்லாத பொக்குக் காய் எடை நிற்காது. பெரியப்பா சொன்னதைத் தராசு பின்னால் வந்து ஒப்புக்கொள்ளும். கடைசியாக இரண்டு காயை நகத்தால் உரித்து உள்ளே பார்ப்பார். அதன் பிறகுதான் வியாபாரி விலை பேசுவார்.

அந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம், கைதான் சான்றிதழ். ‘அவருக்குக் கை மறந்துருச்சு’ என்று யாராவது ஒரு வியாபாரி சொல்லிவிட்டால் போதும், மறுநாளிலிருந்து ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். பெரியப்பாவுக்கு முன் அந்த மண்டியில் இருந்தவர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார். ஆகவே பெரியப்பா எந்த விஷயத்திலும் கையை விட்டுக்கொடுக்க மாட்டார். பூசணிக்காய், தேங்காய், செருப்பு எல்லாமே தூக்கிப் பார்த்துத்தான்.

மகள் பவித்ரா கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க எங்கள் கடைக்கு வந்தார். கூடவே மண்டியில் மூட்டை தூக்குகிற காளி. எல்லோரும் விலை குறைவாகவே கேட்கிறார்கள் என்று வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து ஜெபராஜ் அண்ணன் மலிவுக் கம்ப்யூட்டர்கள் சில எடுத்து வைத்திருந்த நேரம் அது.

“இதுல எது நல்லது அப்பு?” என்று பெரியப்பா கேட்டார்.

நான் கொஞ்சம் விலை கூடின, சின்னதாக இருந்த ஒன்றைக் காட்டினேன். தூக்கினார். என்னைப் பார்த்தார்.

“என்னப்பா இது, பொக்கா இருக்கு?”

“கம்ப்யூட்டர்ல கனம் குறைஞ்சாத்தான் நல்லது பெரியப்பா. நல்ல மாடலா ஆக ஆக எடை குறைஞ்சுக்கிட்டே போகும்.”

“அப்ப ஒண்ணுமே இல்லாத பொட்டிதான் ரொம்ப ஒசத்தியோ? காத்துக்கு வெல வைக்கிறீகளாடா?”

காளி கடை அதிரச் சிரித்தார். “படிச்ச புள்ள சொல்லுதுண்ணே, காலிப் பொட்டிய வாங்கிட்டுப் போவம். தூக்க எனக்கும் லேசா இருக்கும்.”

பெரியப்பா பக்கத்திலிருந்த மலிவுப் பெட்டியிடம் போனார். இரண்டு கையையும் அடியில் கொடுத்தார். கண்ணை மூடினார். மூன்று முறை எழுப்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதான் நெறஞ்ச காய்” என்றார்.

அன்று சாயங்காலமே மண்டி முழுக்கச் செய்தி. படித்த பையன் ஏமாற்றப் பார்த்தானாம், சுருளி கையிலேயே கண்டுபிடித்து நல்ல சரக்காகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாராம். அந்த வாரத்திலேயே இரண்டு பேர், “நாங்க பிரிட்ஜு வாங்கணும், வந்து தூக்கிப் பாருண்ணே” என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பத்தாம் நாள் பெரியப்பா வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கரில் பேசுகிறவர்கள் குடத்துக்குள் இருந்து பேசினார்கள். விசைப்பலகையில் எழுத்துகள் அழிந்துகொண்டிருந்தன. ‘அ’ மட்டும் உறுதியாக நின்றது. திரையில் எல்லார் முகமும் மஞ்சள் பூசிய மாதிரி தெரிந்தது. இவை போதாதென்று, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் இங்கே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பவித்ரா ஆன்லைனில் கணக்கியல் வகுப்பு ஒன்று படித்துக்கொண்டிருந்தாள். “அண்ணே, பக்கத்து வீட்டுல என்னைக்குச் சட்னி, என்னைக்குப் பொடின்னு எங்க கிளாசு முழுக்கத் தெரியும்” என்றாள்.

ஏழு வருடத்தில் நான் பார்த்த எல்லா வாடிக்கையாளரும் மெஷினைத்தான் திட்டுவார்கள். பெரியப்பா ஒருவர்தான் மற்ற எல்லாவற்றையும் திட்டினார்.

“மெஷினு தங்கம்ப்பா. கரண்டுதான் சரியில்ல.”

வயரிங்கைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

“அப்ப இவ அமுக்குறது சரியில்ல. வெரசா வெரசா அமுக்குனா அதுக்கு மூச்சு வாங்காதா?”

பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “மூச்சு வாங்குதா? அது செத்துச் செத்துப் பொழைக்குதுப்பா. ஏலக்காய் பாக்குற கைய வச்சு இதையும் பாத்தா இப்பிடித்தான். என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பயும் தூக்கிப் பாக்கணும்னு சொல்லிருப்பாரு, எங்கப்பாவுக்குப் பயந்து விட்டுட்டாரு.”

“நீ சோலியப் பாரு” என்றார் பெரியப்பா. அவர் குரலில் பலமில்லை. என்னோடு பஸ் நிறுத்தம் வரை வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, “மண்டியில கேட்டா நல்லா ஓடுதுன்னு சொல்லு அப்பு” என்றார். “காளி தெனமும் கேக்குறான். சின்ன முதலாளியும் நேத்துச் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கல.” சின்ன முதலாளி என்பவர் மண்டிக்காரரின் மகன். அந்த வருடம்தான் பொறுப்புக்கு வந்திருந்தார். கைக்குப் பதிலாக மெஷின் வைத்துத் தரம் பார்க்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருப்பதாக அப்பாவும் சொல்லியிருந்தார்.

மூன்றாவது தடவை போனபோது பெட்டியைக் கடைக்கே எடுத்து வந்துவிட்டேன். ஜெபராஜ் அண்ணன் அன்று காலை பஸ்ஸில் மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார்.

மிக்சி ஓடினால் அணைகிறது என்றால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல்தான். மின்சாரத்தை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற தகரப் பெட்டி அது. கேபினட் என்கிற வெளிக்கூட்டுக்குள் பின்பக்கம் மேலே இருக்கும். மாணவர்கள் படிப்பதால் முறையைச் சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கியபின் ஆன் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். அதற்கு மேலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அந்தத் தகரப் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் குடித்துவிட்டு வந்தேன். கேபினட் மூடியின் ஸ்க்ரூக்கள் முதல் குழியில். எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிடித்திருந்த நான்கும் இரண்டாவது குழியில். அதன் மூடியின் நான்கும் மூன்றாவது குழியில்.

மூடியைத் தூக்கியதும், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செம்புக் கம்பி சுற்றிய கனமான சுருள் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் டேப் சுற்றிய கட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து இரண்டு வயர்கள் வந்தன. எங்கே போகின்றன என்று தொடர்ந்து பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. சர்க்யூட் பலகையின் அடியில் சும்மா செருகியிருந்தன. கட்டியைப் பிடித்திருந்த இரண்டு சின்ன ஸ்க்ரூவை எடுத்து நான்காவது குழியில் போட்டேன். டேப்பைப் பிரித்தேன்.

சிமெண்டு.

நல்ல கெட்டியான சிமெண்டு. ஓரத்தில் ஒரு பொடிக்கல்லும் இருந்தது. பாகம் எதுவும் வைக்காமல், பாகம் இருக்கிற மாதிரி கனம் மட்டும் வைத்திருந்தார்கள். பெரியப்பா மூன்று முறை எழுப்பி, கண்ணை மூடி, முகம் மலர்ந்தது இதற்குத்தான்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சின்ன முதலாளியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. கடை விதிப்படி இந்தக் கட்டியைக் கவரில் போட்டுப் பெரியப்பா கையில் கொடுக்க வேண்டும். அவர் தனியாக வர மாட்டார், காளியோடுதான் வருவார். காளியின் வாய்க்குள் ஒரு விஷயம் போனால் போடி பஸ் ஸ்டாண்டில் கேட்கும். சுருளி சிமெண்டைத் தூக்கிப் பார்த்து நிறைந்த காய் என்றார் என்பது தெரிந்தபின் எந்த வியாபாரி அவர் கையை நம்பி மூட்டை வாங்குவார்?

மறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கடையிலிருந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டினேன். கம்ப்யூட்டர் ஓடியது. பக்கத்து டீக்கடையிலிருந்து மிக்சியை வாங்கி வந்து மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், அணையவில்லை. ஆனால் புதியது சின்ன மாடல் என்பதால், பெட்டியைத் தூக்கினால் எனக்கே எடை குறைவாகத் தெரிந்தது. பெரியப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ‘என்னத்தை எடுத்தே?’ என்று கேட்டால்?

இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அதே சிமெண்டுக் கட்டியை இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு, கேபினட்டின் அடியில் முன்பக்கம் காலியாக இருந்த இடத்தில் ஒட்டினேன். மூடியை மாட்டித் தூக்கிப் பார்த்தேன். எடை சரியாக வந்துவிட்டது. ஒரு மனிதரின் பெயரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ரொம்பத் திருப்தி. நான் செய்ததற்கு மண்டியில் கலப்படம் என்று பெயர். அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். காளி வந்தார். நான் எதிர்பார்க்காதபடி சின்ன முதலாளியும் வந்தார். மண்டிக் கம்ப்யூட்டர் ஒன்றும் எங்கள் கடையில் பழுதுக்குக் கிடந்தது. கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினேன். பெரியப்பாவுக்குச் சந்தோஷம்.

“நான் சொல்லல? மெஷினு தங்கம்” என்று சின்ன முதலாளி காதில் விழுகிறமாதிரி சொன்னார். கையைக் கொடுத்துத் தூக்கினார். கண்ணை மூடினார். ஒன்று. இரண்டு. மூன்று.

“எடை சரியா இருக்கு” என்றார்.

எனக்கு மூச்சு வந்தது.

அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. முன்பக்கம் கொஞ்சம் சாய்த்தார். பின்பக்கம் சாய்த்தார்.

“எடை சரியா இருக்கு. ஆனா எடம் மாறிருக்கே?”

“என்ன பெரியப்பா?”

“கனம் பின்னாடி மேல இருந்துச்சு. இப்ப முன்னாடி கீழ வந்துருச்சு. சாக்குல கனம் எடம் மாறுனா எவனோ அவுத்து என்னமோ வச்சுக் கட்டிருக்கான்னு அர்த்தம். தெற அப்பு.”

“வேண்டாம் பெரியப்பா, உள்ள சூடா…”

“தெற.”

திறந்தேன். கேபினட்டின் மூலையில் கட்டி ஒட்டியிருந்தது. மஞ்சள் டேப்பைத்தான் பிரித்துவிட்டேனே; வெறும் சிமெண்டாக, தெளிவாகத் தெரிந்தது.

காளி குனிந்து பார்த்தார். “ஏப்பா, கம்ப்யூட்டருக்குள்ள கொத்தனாரு வேலையா பாக்குற?”

சின்ன முதலாளி சிரிக்கவில்லை. “எங்க மெஷினும் இங்கதான கெடக்கு? அதுல என்ன வச்சிருக்க, செங்கலா?”

பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. “யாருப்பா வச்சது?” என்றார்.

“நான்தான் பெரியப்பா.”

“எதுக்கு?”

அது மெஷினோடு வந்தது என்று சொன்னால் நான் தப்பிப்பேன். அவர் கை மாட்டிக்கொள்ளும், அதுவும் சின்ன முதலாளிக்கு முன்னால். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலிருந்தால் மாட்டிக்கொள்கிறவன் கடைப் பையனாகிய நான்தான். ஏழைப் பையன், அவசரத்துக்கு எதையோ எடுத்து விற்றிருப்பான் என்று அவர்கள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. “ஒங்கப்பன்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?” என்றார் பெரியப்பா.

அந்த நேரத்தில் ஜெபராஜ் அண்ணன் மதுரையிலிருந்து திரும்பித் தோளில் பையோடு உள்ளே வந்தார். கேபினட்டைப் பார்த்தார். மேஜை மேல் இருந்த இட்லித் தட்டைப் பார்த்தார். முதல் குழியில் இப்போது கழற்றிய மூடியின் ஸ்க்ரூக்கள். இரண்டாவது காலி. மூன்றாவதில் நான்கு ஸ்க்ரூ மிச்சம், நான்காவதில் சின்னதாக இரண்டு.

“சார்” என்றார் மெதுவாக. “கழட்டுன எஸ்.எம்.பி.எஸ். எங்க சார்?”

குப்பைக்கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதையும் இரண்டு சின்ன ஸ்க்ரூவையும் பெரியப்பா முன்னால் வைத்தார். பெரியப்பா கட்டியைப் பிய்த்து எடுத்தார். தகரப் பெட்டிக்குள் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார். கட்டியை அதில் வைத்தார். ஓட்டையும் ஓட்டையும் நேராக வந்து நின்றன.

“இது… வாங்கும்போதே உள்ள இருந்ததா?” என்றார்.

“ஆமா பெரியப்பா.”

“கடைப் பேரைக் காப்பாத்தவா சார் மறைச்சீக?” என்று ஜெபராஜ் அண்ணன் கேட்டார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். பதில் தேடி என் கண் பெரியப்பாவின் கைக்குப் போய்விட்டது. எல்லோரும் அங்கே பார்த்தார்கள். பெரியப்பாவும் தன் கையைத்தான் பார்த்தார்.

காளி மட்டும், “அப்ப அன்னைக்கு நெறஞ்ச காய்னு நீ சொன்னது…” என்று ஆரம்பித்தார்.

“இருடா.”

பெரியப்பா கட்டியை உள்ளங்கையில் எடுத்து வைத்தார். கண்ணை மூடினார். மூன்று முறை எழுப்பினார். “முந்நூத்தி இருவது” என்றார். கூரியர் பொட்டலம் நிறுக்கும் தராசு ஒன்று கடையில் இருந்தது. சின்ன முதலாளி தன் கையாலேயே வாங்கி அதில் வைத்தார். முந்நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது.

“ரெண்டு கிராம் கொறையுதே?” என்றார் காளி.

“உன் சட்டைக் கையில ஒட்டிருக்கு பாரு” என்றார் பெரியப்பா. கட்டியைப் பிய்த்தபோது உதிர்ந்த சிமெண்டுப் பொடி, மேஜையில் சாய்ந்திருந்த காளியின் சட்டையில் சாம்பலாக ஒட்டியிருந்தது.

சின்ன முதலாளி அப்போதுதான் சிரித்தார். இந்தச் சிரிப்பு வேறு.

ஆனால் பெரியப்பா சிரிக்கவில்லை. “கை சரியாத்தான் சொல்லிருக்கு” என்றார். “கனம் இருக்குன்னு சொல்லுச்சு, கனம் இருந்துச்சு. உரிக்காம வாங்குனது நாந்தான். காயா இருந்தா உரிச்சிருப்பேன். பொட்டி பளபளன்னு இருந்துச்சா, தெறந்து காட்டுன்னு கேக்க வெக்கமாப் போச்சு. ஒண்ணும் தெரியாத பயன்னு நெனப்பீகளேன்னு.”

அந்த வெட்கம் எனக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் முதல் வருடம் முழுக்க நான் ஒரு சந்தேகம்கூட எழுந்து கேட்டதில்லை.

“நீ என்கிட்டத் தனியாச் சொல்லிருக்கலாம் அப்பு” என்றார் போகும்போது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெபராஜ் அண்ணன் எனக்கு நான்கு நாள் ‘சார்’ போட்டார். அந்த மலிவுப் பெட்டிகள் அத்தனையையும் கட்டி மொத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்பினார். அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் என்னைத் திறக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் சிமெண்டு.

காளிக்குத்தான் பெரிய ஏமாற்றம். அவர் மண்டிக்கு ஓடிப்போய்ச் சொல்வதற்கு முன்னால், சின்ன முதலாளியின் பைக்கில் ஏறிப் போய், பெரியப்பாவே எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் கதையைச் சொல்லிவிட்டார். கட்டியையும் காட்டியிருக்கிறார். காளியால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: பெயர் வைத்தார். அன்றிலிருந்து அவர் ‘சிமெண்டு சுருளி’.

கம்ப்யூட்டர் அதன்பின் அணையவில்லை. மற்ற எல்லாம் அப்படியே இருந்தது. முகங்கள் மஞ்சள், குரல்கள் குடத்துக்குள். “ஒண்ண எடுத்ததுக்கே இவ்வளவு நல்லா ஓடுது” என்றார் பெரியம்மா. “இன்னும் என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்துவிட்டுருப்பா.”

வேலையை விட்டதைச் சொல்ல போன வாரம் மண்டிக்குப் போனேன். மலையிலிருந்து வந்த மூட்டை ஒன்றின் மேல் சின்ன முதலாளிக்குச் சந்தேகம். தரம் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி மூலையில்தான் வைத்திருந்தார்கள். அதில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல், “சிமெண்டக் கூப்புடு” என்றார். பெரியப்பா வந்தார். முழங்கை வரை கையை விட்டார், எடுத்தார், கண்ணை மூடி மூன்று முறை எழுப்பினார். பிறகு உரிக்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் இரண்டு காய்தான் உரிப்பார். இப்போது ஐந்து உரித்தார்.

“என்ன பெரியப்பா, அஞ்சு?” என்றேன்.

“பொட்டி வாங்குனதுல இருந்து” என்று சொல்லிவிட்டு ஆறாவதை உரித்தார்.